தாது வருடப் பஞ்சமும் பழைய செய்தித்தாள்களும்

(விழா அவையில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



இன்று எடுத்துக்கொள்ளப்பெற்ற பொருள், பழைய செய்தித்தாள்களை மின்னுருவாக்கிக் காத்தலும் அவற்றை வரலாற்றாய்வுக்குப் பயன்கொள்ளுதலும் ஆகும். ஓலைச்சுவடியைப் பற்றிப் பேச அவை கூடுவதுண்டு. கல்வெட்டைப் பற்றிப் பேசவும் கூடுவதுண்டு. செய்தித்தாளைப் பற்றி அவ்வாறு கூடுவது அரிது. காலையில் வாங்கிய தாள் மாலையில் பழையதாகிவிடுகிறது. திங்கள் முடிவில் எடைக்குப் போகிறது. எடைக்குப் போடும் பொருளில் என்ன வரலாறு இருக்கப்போகிறது என்னும் எண்ணம் பரவலாக உண்டு. அவ்வெண்ணத்தால் இழந்தவை எவை, இனி இழக்காமலிருக்கச் செய்யத்தக்கவை எவை என்பவற்றை ஒரு நிகழ்ச்சியை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவதே இவ்வுரையின் நோக்கம். அந்நிகழ்ச்சி தாது வருடப் பஞ்சம்.

தாது வருடம்

தாது ஆண்டு 1876 ஏப்ரலில் பிறந்தது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை குறைந்தது. வடகிழக்குப் பருவமழையும் பொய்த்தது. ஏரிகள் வறண்டன, விதைநெல்லும் உணவாயிற்று. அடுத்த ஈசுவர ஆண்டிலும் துயர் தொடர்ந்து 1878 வரை நீடித்தது. ஆயினும் தொடங்கிய ஆண்டின் பெயரே மக்கள் நாவில் நிலைத்தது. சென்னை மாகாணத்தில் பெல்லாரி, கர்நூல், கடப்பை, நெல்லூர், சேலம், கோவை, செங்கற்பட்டு, வட ஆர்க்காடு ஆகிய மாவட்டங்கள் பெருந்துன்பத்துக்கு உள்ளாயின. வந்தவாசியும் போளூரும் அன்று வட ஆர்க்காட்டு மாவட்டத்து வட்டங்கள். ஆரணி அம்மாவட்டத்தைச் சார்ந்த ஜாகீர். ஆதலின் இங்குக் கூடியுள்ள குடும்பங்கள் பலவற்றின் முன்னோர் இப்பஞ்சத்தை நேரில் கண்டவர்களே.

இறந்தோர் தொகை பற்றிய கணக்குகள் வேறுபடுகின்றன. தென்னிந்தியாவும் பம்பாய் மாகாணமும் உட்பட ஐம்பது இலட்சத்துக்கு மேல் என்று வரலாற்றறிஞர் பலர் மதிப்பிடுவர். 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்கும் 1881ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்கும் இடையே சென்னை மாகாணத்தின் மக்கள் தொகை வளராமல் குறைந்தது என்பதொன்றே அத்துயரின் அளவைக் காட்டப் போதும்.

இத்தகைய நிகழ்ச்சியை ஆராய்வோர்க்கு மூவகைச் சான்றுகள் உள்ளன. முதலாவது அரசு ஆவணம். ஆட்சியர் கடிதங்கள், 1880இல் வெளிவந்த பஞ்ச ஆணைக்குழுவின் அறிக்கை, 1881இல் ஆர்தர் காக்ஸ் தொகுத்த வட ஆர்க்காட்டு மாவட்டக் கையேடு போன்றவை இவ்வகையின. இரண்டாவது மக்கள் இலக்கியம். பஞ்சக் கும்மிகளும், வில்லியப்ப பிள்ளையின் பஞ்சலட்சணத் திருமுக விலாசமும் இவ்வகையின. மூன்றாவது செய்தித்தாள்.

மூன்றுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அரசு ஆவணம் மேலதிகாரி படிப்பதற்காக எழுதப்பெறுவது. எழுதியவர் தம் செயலுக்கு நியாயம் கூறும் இயல்பு அதில் உண்டு. இலக்கியம் பெரும்பாலும் துயர் கடந்த பின் நினைந்து பாடப்பெறுவது. செய்தித்தாள் எழுதுபவருக்கோ முடிவு தெரியாது. அடுத்த வாரம் மழை வருமா, வாராதா என்று அறியாமலே அவர் அவ்வார அரிசி விலையை அச்சிடுகிறார். வரும் என்று நம்புகிறார். வரவில்லை என்று அடுத்த இதழில் எழுதுகிறார். முடிவு அறியாத காலத்தின் அச்சமும் நம்பிக்கையும் அவ்வாறே பதிந்திருப்பது செய்தித்தாளில்தான். இதுவே அதன் தனிச்சிறப்பு.

ஓர் இராத்தல் தானியம்

1877 சனவரி முதல் நாள் விக்டோரியா அரசி இந்தியாவின் பேரரசி என்று தில்லித் தர்பாரில் அறிவிக்கப்பெற்றார். அரசப் பிரதிநிதி லிட்டன் பிரபு அவ்விழாவை நடத்தினார். அதே திங்களில் சர் ரிச்சர்டு டெம்பிள் பஞ்சப் பணிகளைப் பார்வையிடச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பப்பெற்றார். செலவைச் சுருக்குவது அவர்க்கிட்ட கடமைகளுள் ஒன்று. நிவாரண வேலைக்கு வருவோர்க்கு முன்னிருந்த கூலியைக் குறைத்து, ஓர் இராத்தல் தானியத்தின் விலையும் ஒரு சிறு தொகையும் போதும் என்று அவர் பரிந்துரைத்தார். ஓர் இராத்தல் என்பது ஏறத்தாழ 450 கிராம். நாள் முழுதும் மண் சுமப்பவர்க்கு அவ்வளவே உணவு.

மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் என்னும் மருத்துவர் இதனை வன்மையாக மறுத்தார். இவ்வுணவில் உடல் உழைக்காது, தேயும் என்பது அவர் வாதம். வேலைக்கு வந்தவர்களின் உடல் மெலிவையும் இறப்பையும் எடுத்துக்காட்டி அவர் குறிப்புகள் எழுதினார். இவ்வழக்கு அலுவலகக் கடிதங்களோடு நின்றுவிடவில்லை. சென்னைச் செய்தித்தாள்களிலும் பேசப்பெற்றது. சில திங்களுக்குப் பின் சென்னை அரசு கூலியை உயர்த்தியது. பெயர் மட்டும் நிலைத்தது: அந்தக் குறைந்த கூலியை வரலாற்று நூல்கள் இன்றும் டெம்பிள் கூலி என்றே குறிக்கின்றன.

அந்நாளில் மெட்ராஸ் டைம்ஸ் இதழின் ஆசிரியராக இருந்தவர் வில்லியம் டிக்பி. 1877 ஆகஸ்டு 4ஆம் நாள் சென்னையில் பொதுக்கூட்டம் கூடி, இங்கிலாந்து மக்களிடம் உதவி கோருவதென முடிவு செய்தது. அதனையொட்டி அமைந்த நிவாரண நிதிக்குழுவின் செயலராக டிக்பி பணியாற்றினார். பின்னர் அவர் 1878இல் தென்னிந்தியப் பஞ்சத்தைப் பற்றி இரு தொகுதிகளில் பெருநூல் ஒன்று வெளியிட்டார். இப்பஞ்சத்தை ஆராய்வோர் எவரும் அந்நூலைத் தொடாமல் செல்ல இயலாது. செய்தித்தாளில் நாள்தோறும் சேர்ந்த தகவல்களே அதன் வலிமை. செய்தியாசிரியர் ஒருவர் வரலாற்றாசிரியராக ஆனமைக்கு இது நல்ல சான்று.

மெல்போர்னில் ஒரு சாளரம்

இனி மின்னுருவாக்கத்தின் பயனுக்கு வருவோம். ஆஸ்திரேலிய தேசிய நூலகம் தன் நாட்டுச் செய்தித்தாள்களை மின்னுருவாக்கி, 2008இல் பொதுமக்கள் காணத் திறந்தது. டிரோவ் என்னும் அதன் இணையதளத்தில் 1803இல் தொடங்கிய சிட்னி கெசட் முதலாக எண்ணிறந்த இதழ்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். அங்கே 1877ஆம் ஆண்டுக்குரிய மெல்போர்ன் ஆர்கஸ், சிட்னி மார்னிங் ஹெரால்டு ஆகியவற்றைத் திறந்து பஞ்சம், மதராஸ் ஆகியவற்றுக்குரிய ஆங்கிலச் சொற்களை இட்டுத் தேடினால் செய்திகள் வரிசையாக வருகின்றன. மதராஸிலிருந்து வந்த தந்திகள், நிதி திரட்டக் கூடிய கூட்டங்கள், கொடையாளர் பட்டியல்கள், இந்தியாவில் பணியாற்றிய பாதிரிமார்களின் கடிதங்கள் எனப் பலவும் உள்ளன.

ஆஸ்திரேலிய நாளிதழில் இத்துணைச் செய்தி எவ்வாறு வந்தது என்று வியப்பு எழலாம். காரணம் தந்திக் கம்பி. லண்டனிலிருந்து பம்பாய்க்கும், அங்கிருந்து சென்னைக்கும், சென்னையிலிருந்து கடலடிக் கம்பி வழியாகப் பினாங்கு, சிங்கப்பூர், சாவகம் கடந்து ஆஸ்திரேலியாவின் டார்வின் நகருக்கும் 1871, 1872ஆம் ஆண்டுகளில் தொடர்பு ஏற்பட்டுவிட்டது. ஆஸ்திரேலியாவுக்குச் சென்ற செய்தி சென்னையைத் தொட்டே சென்றது. ஆதலின் பஞ்சத்தின் குரல் கடல் கடந்து விரைவில் எட்டியது. கொடையும் திரும்பி வந்தது.

இங்குத்தான் சிந்திக்க வேண்டிய ஒன்று உள்ளது. வந்தவாசியில் ஒரு வீட்டில் அமர்ந்து, கைப்பேசி ஒன்றின் துணையால், 1877இல் மெல்போர்ன் மக்கள் தாது வருடப் பஞ்சத்தைப் பற்றிப் படித்ததை இன்று ஒருவர் சில நொடிகளில் படிக்கலாம். அதே ஆண்டில் வந்தவாசியிலோ சென்னையிலோ தமிழர் தமிழில் படித்ததை அவ்வாறு படிக்க இயலாது. சுதேசமித்திரன் அப்போது தோன்றவில்லை, ஜி. சுப்பிரமணிய ஐயர் அதனை 1882இல்தான் தொடங்கினார். ஹிந்து இதழும் 1878 செப்டம்பரில்தான் பிறந்தது. அவற்றுக்கு முன் வெளிவந்த தமிழ் இதழ்கள் பலவற்றின் படிகள் தொடர்ச்சியாகக் கிடைப்பதில்லை.

அவற்றுள் எஞ்சியிருப்பது பெரும்பாலும் வேறொரு வடிவில்தான். ஆங்கில அரசு நாட்டுமொழி இதழ்களை மொழிபெயர்ப்பாளரைக் கொண்டு படிக்கச் செய்து, வேண்டிய பகுதிகளை ஆங்கிலத்தில் சுருக்கி, அறிக்கையாக அச்சிட்டு உயர் அலுவலர்களுக்கு மட்டும் வழங்கியது. சென்னை மாகாணத்தில் 1870களிலிருந்து இவ்வறிக்கைகள் உள்ளன. அவை பயனுடையனவே, மறுப்பதற்கில்லை. ஆயினும் அரசு எதை அஞ்சியதோ, எதை அறிய விரும்பியதோ அதுவே அவற்றில் இடம்பெற்றது. ஊர்ச்சந்தை விலையோ, கஞ்சித்தொட்டி வைத்த ஒருவரின் பெயரோ அரசுக்கு வேண்டியதில்லை, ஆகவே விடப்பட்டது. தமிழர் தம் துயரைத் தமிழில் எழுதினர். இன்று அதனை ஆட்சியாளர் தேர்ந்தெடுத்த அளவில், ஆட்சியாளர் மொழியில் படிக்க வேண்டியுள்ளது. ஓரிதழின் மூலப்படி ஒன்று மறைந்தால் நேரும் இழப்பு இதுவே.

தாள் எவ்வாறு அழிகிறது

செய்தித்தாள் அழிவதற்கு முதற்காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. முற்காலத்தில் கந்தல் துணியிலிருந்து செய்த தாள் உறுதியானது. இருநூறு ஆண்டு கடந்தும் மடிக்கத் தாங்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரக்கூழிலிருந்து மலிவான தாள் செய்யும் முறை பரவியது. மரக்கூழில் எஞ்சும் லிக்னின் என்னும் பொருள் ஒளியும் காற்றும் பட்டு நிறம் மாறுகிறது. தாளில் அமிலம் பெருகுகிறது. தாள் மஞ்சளாகிப் பழுப்பாகி, இறுதியில் தொட்டால் அப்பளம்போல் நொறுங்குகிறது. இதனோடு தமிழகத்தின் வெப்பமும் ஈரமும், செல்லும் இராமபாணப் பூச்சியும் சேர்ந்தால் கேட்கவும் வேண்டுமோ? பழைய கந்தல் தாளினும் பிற்காலத்து மலிவுத் தாளே முன்னதாக மறையும் என்பது பலரும் எண்ணிப் பாராத உண்மை.

போரும் பகையும் இரண்டாவது காரணம். லண்டன் காலின்டேலில் இருந்த செய்தித்தாள் நூலகத்தின்மீது 1940 அக்டோபரில் குண்டு விழுந்தது. ஏறத்தாழ 6,000 தொகுதிகள் அழிந்தன. மேலும் 15,000 தொகுதிகள் சிதைந்தன. 1981இல் மே முடிந்து சூன் பிறந்த இரவில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் சாம்பலாயின. அந்நாள்களிலேயே ஈழநாடு நாளிதழின் அலுவலகமும் தீக்கிரையாயிற்று. ஒரே இடத்தில் ஒரே படியாக இருக்கும் எதுவும் பாதுகாப்பானதன்று என்பதனை இவை கற்பிக்கின்றன.

மூன்றாவது காரணம் வியப்புக்குரியது: காக்க எண்ணிச் செய்த செயலே அழிவுக்கு வழியானது. இருபதாம் நூற்றாண்டில் நூலகங்கள் பல செய்தித்தாள்களை மைக்ரோஃபிலிம் எனப்படும் நுண்படச்சுருளில் படமெடுத்தன. படமெடுத்த பின் மூலத் தாள்களுக்கு இடமில்லையென்று கழித்துவிட்டன. சுருளில் சில பக்கங்கள் மங்கியும் சில விடுபட்டும் இருந்தமை பின்னரே தெரிந்தது. அதற்குள் மூலம் போய்விட்டது. பிரித்தானிய நூலகம் கழித்த அமெரிக்க இதழ்த் தொகுதிகளை 1999இல் எழுத்தாளர் நிக்கல்சன் பேக்கர் முயன்று வாங்கிக் காத்தார். அவை பின்னர் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தன. படம் எடுத்தாயிற்று, இனித் தாள் எதற்கு என்னும் பேச்சு மீண்டும் எழும் இக்காலத்தில் இந்நிகழ்ச்சியை நினைவிற்கொள்வது நன்று. மின்னுரு மூலத்தைக் காக்கும் துணை, மூலத்துக்கு மாற்றன்று.

படம் எடுத்தால் போதுமா?

மின்னுருவாக்கம் என்றால் படம் எடுத்தல் என்றே பலர் கருதுவர். அது முதற்படி மட்டுமே. முதலில் இதழ்களை நாள்வரிசைப்படுத்தி, எந்நாள் இதழ் உள்ளது, எந்நாள் இதழ் இல்லை என்று பட்டியலிட வேண்டும். இல்லாததைக் குறிப்பது உள்ளதைக் குறிப்பதைப் போன்றே இன்றியமையாதது. பிறகு பக்கத்தை உயர்ந்த தெளிவில் ஸ்கேன் செய்து, சுருக்கப்படாத முதன்மைப் படி ஒன்றும், இணையத்தில் காட்டச் சிறுபடி ஒன்றும் வைக்க வேண்டும். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2007இல் திறந்த கிரானிக்கிளிங் அமெரிக்கா என்னும் தளம் இம்முறைகளை வரையறுத்துப் பின்பற்றுவதில் முன்னிற்கிறது. அதன் பின்னரே ஓ.சி.ஆர். என்னும் எழுத்துணர் மென்பொருள் படத்திலுள்ள எழுத்தைத் தேடத்தக்க எழுத்தாக மாற்றுகிறது.

ஆங்கிலத்திலேயே இம்மாற்றத்தில் பிழை மிகுதி. மங்கிய அச்சும் நெருங்கிய பத்திகளும் மென்பொருளை மயக்குகின்றன. ஆஸ்திரேலிய நூலகம் இதற்குச் செய்த தீர்வு எளியது: படிப்பவரே திருத்தலாம் என்று விட்டது. ஓய்வுபெற்றோரும் இல்லத்தரசிகளும் தம் ஊர்ச் செய்தியையும் தம் குடும்பச் செய்தியையும் படித்துக்கொண்டே பல கோடி வரிகளைத் திருத்தியுள்ளனர். கூலி பெறாமல் செய்த இவ்வறம் அறிவுலகத்துக்குக் கிடைத்த பெருங்கொடை.

தமிழ் இதழ்களில் இடர் இன்னும் பெரிது. அவற்றுள் சிலவற்றைக் காண்போம்.

எழுத்து வடிவம் ஒன்று. 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துகள் இன்றைய வடிவம் பெற்றன. அதற்கு முற்பட்ட இதழ்களில் இவையெல்லாம் பழைய வடிவின. இன்றைய எழுத்தைக் கற்ற மென்பொருள் துதிக்கை போல வளைந்த பழைய ஐகாரத்தைக் கண்டு தடுமாறுகிறது.

எண் மற்றொன்று. பழைய அச்சில் தமிழ் எண்கள் வரும். ஒன்றுக்குரிய குறி ககரம் போலவும், இரண்டுக்குரியது உகரம் போலவும், நான்குக்குரியது சகரம் போலவும், ஏழுக்குரியது எகரம் போலவும், எட்டுக்குரியது அகரம் போலவும் இருக்கும். மென்பொருள் விலையை எழுத்தாகப் படித்துவிட்டால், ரூபாய்க்கு எத்தனைப் படி அரிசி என்னும் செய்தியே மறைந்துபோகும். பஞ்சத்தை ஆராய்பவர்க்கு அதைவிட வேண்டிய செய்தி வேறென்ன?

சொல் பிறிதொன்று. பழைய தமிழ் உரைநடை புணர்த்தி எழுதப்பெறுவது. பஞ்சம் என்று இட்டுத் தேடுபவர்க்குப் பஞ்சமுண்டாயிற்று, பஞ்சத்தினாலே ஆகியவை அகப்படா. பஞ்ச என்று மட்டும் இட்டால் பஞ்சாங்கமும் பஞ்சாயத்தும் பஞ்சபாண்டவரும் வந்து நிற்பர். அன்றியும் அக்காலத்தார் பஞ்சத்தைக் க்ஷாமம் என்றும் கருப்பு என்றும் எழுதினர். வரியிறுதியில் இடமில்லையேல் சொல்லை எவ்விடத்தும் முறித்து அடுத்த வரியில் தொடர்வது அச்சுக்கோப்போர் வழக்கம். முறித்தமைக்குக் குறியும் இடார். ஊர்ப்பெயரோ சென்னை, சென்னபட்டணம், மதராஸ் எனப் பலவாறு வரும். ஆங்கில இதழ்களில் வந்தவாசி வாண்டிவாஷ் ஆகிவிடும். ஆதலின் தேடுபவர் அக்காலச் சொல்லை அறிந்து தேட வேண்டும். இக்காலச் சொல்லைக் கொண்டு தேடிக் கிடைக்கவில்லையெனின் அங்கு இல்லை என்று முடிவு செய்தல் ஆகாது.

படிக்கும் முறை

செய்தித்தாள் சான்றாகும், ஆயினும் எல்லாச் செய்தியும் மெய்யாகா. அதனை ஆளும் முறை அறிந்து ஆள வேண்டும். ஆய்வில் இறங்கும் இளைஞர்கள் மனங்கொள்ளத்தக்கவை சில உள்ளன.

முதலாவது, எண்ணிக்கையைக் கண்டு மயங்கலாகாது. மதராஸிலிருந்து சென்ற ஒரு தந்தியை நூறு இதழ்கள் அச்சிட்டிருக்கலாம். தேடுதளம் நூறு முடிவுகளைக் காட்டும். அவை நூறு சாட்சிகள் அல்ல. ஒரு சாட்சியின் நூறு எதிரொலிகள். மூலம் எது என்று கண்டு அதனை மட்டும் எண்ண வேண்டும்.

இரண்டாவது, நாளைக் கவனிக்க வேண்டும். இதழின் நாள் வேறு. நிகழ்ச்சியின் நாள் வேறு. தந்தியில் வந்த செய்தி ஓரிரு நாளிலும், கப்பலில் வந்த கடிதம் பல வாரங்கள் கழித்தும் அச்சாகும். ஒரே இதழின் இரு பத்திகள் இருவேறு காலத்துச் செய்தியைக் கூறுவதுண்டு.

மூன்றாவது, யார் எழுதியது என்று வினவ வேண்டும். தலையங்கம் இதழின் கருத்து. ஆசிரியருக்கு வந்த கடிதம் ஒருவரின் கருத்து. விளம்பரம் பணம் கொடுத்தவரின் கருத்து. இம்மூன்றும் வெவ்வேறு எடையின. எனினும் விளம்பரத்தை இகழ்தலும் கூடாது. மக்கள் எதனை வாங்கினர், எதனை விற்றனர், எங்கே வேலை தேடிச் சென்றனர் என்பதைக் காட்டுவது அதுவே. பஞ்சக் காலத்தில் தமிழர் பெருந்திரளாக இலங்கைக் காப்பித் தோட்டங்களுக்குச் சென்றனர். அவர்கள் புறப்பட்ட ஊரின் செய்தியையும் சேர்ந்த நாட்டின் செய்தியையும் ஒருங்கே வைத்துப் படித்தால் அரசுக் கணக்கில் புலப்படாதவை புலப்படும்.

நான்காவது, துண்டைப் படிக்காமல் பக்கத்தைப் படிக்க வேண்டும். தேடுசொல் வந்த பத்தியை மட்டும் வெட்டி எடுப்பவர் அதனருகே என்ன இருந்தது என்பதை இழக்கிறார். பஞ்சச் செய்தி முதற்பக்கத்தில் வந்ததா, கடைசிப் பக்கத்தின் மூலையில் வந்ததா என்பதும் ஒரு சான்றே. அதனை அடுத்து எவ்விழாவின் செய்தி வந்தது என்பதும் சான்றே.

ஐந்தாவது, மின்னுருவாகாதது நிகழாததன்று. இணையத்தில் கிடைப்பதை மட்டும் கொண்டு எழுதினால், தாது வருடப் பஞ்சத்தின் வரலாறு கொடுத்தவர்களின் வரலாறாக மட்டும் அமைந்துவிடும். பசித்தவர்களின் வரலாறாக அமையாது. கொடையாளர் பெயர் மெல்போர்ன் இதழில் உள்ளது. கஞ்சிக்கு நின்றவர் பெயர் அங்கில்லை. அதனைத் தேடித் தமிழிலும் ஆவணக் காப்பகத்திலும் ஊரிலும் உழைக்க வேண்டும்.

தமிழில் நடந்தவை

இவ்வுழைப்பு தமிழில் இல்லாமலில்லை. பாரதியாரின் எழுத்துகள் பல நூல் வடிவம் பெறாமல் இதழ்களில் புதைந்து கிடந்தவை. 1906இல் தொடங்கிய இந்தியா வார இதழிலும் சுதேசமித்திரனிலும் அவர் எழுதியவற்றை ரா. அ. பத்மநாபன், சீனி விசுவநாதன் முதலியோர் பழந்தொகுதிகளைப் பக்கம் பக்கமாகப் புரட்டித் தேடித் தொகுத்தனர். ஹிந்து நாளிதழில் பாரதியார் ஆங்கிலத்தில் எழுதியவற்றை ஆ. இரா. வேங்கடாசலபதி கண்டெடுத்து 2008இல் நூலாக்கினார். இதழ்த் தொகுதிகளை யாரோ ஒருவர் எடைக்குப் போடாமல் வைத்திருந்தமையால்தான் இது கைகூடியது.

அவ்வாறு வைத்திருந்தவருள் தலைசிறந்தவர் செட்டிநாட்டுக் கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார். நூல்களோடு பழைய இதழ்களையும் துண்டு வெளியீடுகளையும் அழைப்பிதழ்களையும் தம் வீட்டில் சேர்த்து வைத்தார். 1992இல் அவர் மறைந்த பின் சிகாகோ பல்கலைக்கழகத்தின் முயற்சியால் அத்தொகுப்பு காக்கப்பெற்று, 1994இல் சென்னையில் ஆராய்ச்சி நூலகமாக மலர்ந்தது. ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் நூலகம் என்னும் அமைப்பு 2005 முதல் மின்னுருவாக்கி வருகிறது. சிங்கப்பூர்த் தேசிய நூலக வாரியம் 1887இல் தோன்றிய சிங்கை நேசன், 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசு ஆகியவற்றின் பக்கங்களை இணையத்தில் ஏற்றியுள்ளது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் பழைய பருவ இதழ்கள் பல உள்ளன. தொடக்கம் நன்றே, செய்ய வேண்டியது மிகுதி.

இல்லந்தோறும் செய்யத்தக்கவை

பெருநூலகங்கள் செய்வன அவை. குடும்பங்கள் செய்யத்தக்கவையும் உள. பரணிலும் பழம்பெட்டியிலும் கிடக்கும் நாளிதழ், பருவ இதழ், விழா மலர், திருமண அழைப்பிதழ், கணக்கேடு எதுவாயினும் படித்துப் பாராமல் கழிக்கலாகாது. பழைய புத்தகத்துக்கு அட்டையாகப் போட்ட தாளையும், பெட்டியின் அடியில் விரித்த தாளையும் ஒருமுறை பார்த்தல் நன்று. அரிய இதழொன்றின் எஞ்சிய ஒரே பக்கம் அதுவாகவும் இருக்கலாம்.

கிழிந்த தாளை ஒட்ட செலோடேப் பயன்படுத்தலாகாது; அதன் பசை காலப்போக்கில் தாளைக் கறையாக்கும். லேமினேஷன் செய்தலும் ஆகாது. வெப்பத்தில் ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பின்னர்ப் பிரிக்க இயலாது. ரப்பர் வளையம், துருப்பிடிக்கும் ஊசி, மடிப்பு ஆகியவற்றைத் தவிர்த்து, தாளை விரித்தபடி தட்டையான பெட்டியில், வெயிலும் ஈரமும் படாமல் வைக்க வேண்டும்.

செய்தியை வெட்டி ஒட்டும் பழக்கம் பல வீடுகளில் உண்டு. வெட்டும்போது இதழின் பெயரும் நாளும் போய்விடுகின்றன. அவையின்றி அத்துண்டு சான்றாக நிற்பதில்லை. வெட்டுவதற்கு முன் முழுப் பக்கத்தையும் தலைப்போடு படமெடுத்தல் வேண்டும். முன்பே வெட்டியிருப்பின், வீட்டு முதியோர் நினைவிலிருந்து இதழும் ஆண்டும் கேட்டுத் தனித்தாளில் எழுதி உடன் வைத்தல் வேண்டும். கைப்பேசியால் படமெடுப்பினும் தாளைச் சமதளத்தில் வைத்து, நிழல் விழாமல், நேர்மேலிருந்து எடுத்தால் பயன்படும். படத்துக்கு நாளையே பெயராக இடுவது நன்று. ஒரே கருவியில் வைக்காமல் மூன்றிடங்களில் வைத்தல் வேண்டும். பின்னர் மூலத்தைத் தக்க நூலகத்துக்கு அளிக்கலாம். அளிக்கும்போது யாருடையது, எவ்வூரிலிருந்து வந்தது என்று எழுதிக் கொடுத்தால் ஆய்வாளர்க்கு அதுவே பாதி விடை.

கண் தெளிவுள்ள முதியோர்க்கு மற்றொரு பணி உண்டு. பழைய ஐகாரத்தையும் தமிழ் எண்ணையும் தயங்காமல் படிக்கவல்லவர்கள் இன்று அவர்களே. மின்னுருவான பக்கத்தை அவர்கள் படிக்க, கணினி அறிந்த பேரப்பிள்ளைகள் உள்ளிட்டால், மென்பொருள் தடுமாறும் இடத்தில் வீடு வெல்லும். இப்பணிக்கு ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். அத்தலைமுறை இருக்கும்போதே செய்ய வேண்டிய பணி இது, ஒத்திவைக்கத்தக்கதன்று.

சுவடி செல்லரிப்பதற்கு முன் புதிய ஓலையில் படியெடுத்து வைக்கும் வழக்கம் இருந்தமையால்தான் பழந்தமிழ் நூல்கள் பல அச்சுக்காலம் வரை வந்து சேர்ந்தன. படியெடுத்தவர்கள் பெரும்பாலும் தம் பெயரைப் பொறிக்கவில்லை. தாளுக்கும் இன்று அதே நிலை வந்துள்ளது. கருவி மட்டுமே மாறியிருக்கிறது. தாது வருடத்தில் ஆரணிச் சந்தையில் அரிசி என்ன விலை விற்றது, எவ்வூரில் யார் கஞ்சி வார்த்தனர், எக்குடும்பம் ஊர் பெயர்ந்தது என்பனவற்றை எழுதிய தாள் எங்கேனும் ஒரு பெட்டியில் இருக்குமாயின், அது நொறுங்குவதற்கு முன் கண்டெடுக்கப்பெறுக. அப்பணி இவ்விழா முடிந்து வீடு திரும்பும் நாளிலேயே தொடங்கலாம்.